குழாய்மேல் நிற்காதே

நுழையும் முன்

தீப்பற்றிய இடத்தில் கூட்டம் கூடுவது இயல்பு. ஆயினும் பார்ப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீவிபத்துகளையும் தீயணைப்பு ஊர்திகளையும் ஒளிப்படம் எடுத்த ஒருவர், எப்போது படம் எடுக்கக் கூடாது என்பதைக் கற்றுக்கொண்ட வரலாறே இப்பாடம்.

கீற்றுக் கூரை

காரைக்கால் பகுதியின் கடலோரச் சிற்றூர் கருக்களாச்சேரி. அங்குள்ள ஒரு வீட்டின் பரணில் தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அலைகளும் படகுகளும் நிறைந்த படங்கள் இருக்குமென எண்ணித் திறப்பவர் வியந்துபோவர். உள்ளே இருப்பவை சென்னைப் பெருநகரின் தீவிபத்துகள், செந்நிற ஊர்திகள், கரி படிந்த முகங்கள். அஞ்சல் துறையில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு அது.

அந்த ஆர்வத்தின் வேர் அவருடைய பத்தாம் வயதில் இருந்தது. சித்திரை மாத நண்பகல். சோழகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. தெருவின் தென்கோடியில் அடுப்பிலிருந்து பறந்த பொறி ஒன்று கீற்றுக் கூரையில் பற்றியது. தீ வடக்கு நோக்கித் தாவத் தொடங்கியது. நான்காவது குடிசை எரிந்தபோது, ஏழாவது குடிசையின் முன் ஊரார் வந்து நின்றனர். அது அவருடைய அப்பாயியின் குடிசை.

"அக்கா, உன் கூரையைப் பிரிச்சாத்தான் தெரு பொழைக்கும்" என்றார் ஒருவர்.

அப்பாயி ஒரு கணம் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, தாமே அரிவாளை எடுத்துக் கொடுத்தார். எரிபொருள், வெப்பம், காற்று ஆகிய மூன்றில் ஒன்றை விலக்கினால் தீ அணையும் என்பது அறிவியல் பாடம். அதைப் படித்திராத மூதாட்டி, எரியாத தம் கூரையை இழந்து தெருவைக் காத்தார். பின்னர் மணியொலியுடன் வந்த தீயணைப்பு ஊர்தியின் சக்கரங்கள் மணலில் புதைந்தன. வீரர்கள் குழாய்ச் சுருளைத் தோளில் சுமந்துகொண்டு ஓடிவந்தனர். அந்தச் செந்நிறமும் வெண்கல மணியின் ஓசையும் சிறுவனின் நெஞ்சில் தங்கிவிட்டன.

பன்னிரண்டு படங்கள்

வேலை கிடைத்துச் சென்னைக்குச் சென்றவர், திருவல்லிக்கேணியில் விடுதி அறையொன்றில் தங்கினார். ஆக்ஃபா கிளிக் 3 என்னும் எளிய ஒளிப்படக் கருவியை வாங்கினார். ஞாயிறுதோறும் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் அலைவது அவர் வழக்கம். 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த அங்காடி, 1985 மே 30 அன்று தீக்கிரையானது. செய்தி கேட்டவுடன் கருவியோடு ஓடினார். நல்ல கோணம் தேடி முன்னேறியபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தம்பி, படம் அப்புறம் எடுக்கலாம். குழாய்மேல் நிற்காதே!"

அவர் குனிந்து பார்த்தார். நீர் ஏறுவதற்காகக் காத்திருந்த குழாய் அவர் காலடியில் கிடந்தது. வெட்கத்துடன் விலகினார்.

படச்சுருளில் எடுக்கக்கூடியவை பன்னிரண்டு படங்களே. ஒன்பதைச் சுவாலைக்கே செலவிட்டிருந்தார். கழுவிப் பார்த்தபோது, அளவுக்கு மீறிய ஒளியால் சுவாலை வெறும் வெண்திட்டாகவே பதிந்திருந்தது. தெளிவாக விழுந்தவை மூன்று மட்டும்: குழாயை இணைக்கும் வீரர், நனைந்த சட்டையைப் பிழியும் மற்றொருவர், கருகிய புத்தகக் கட்டை மடியில் வைத்திருந்த வணிகர். அன்றுமுதல் அவர் கருவியைத் தீயின் பக்கம் திருப்புவதைக் குறைத்து, மனிதர் பக்கம் திருப்பினார்.

ஊர்திகளின் நுட்பங்களையும் கேட்டறிந்தார். ஒரு நீர்தாங்கி ஊர்தி பொதுவாக 4500 லிட்டர் நீரையே சுமக்கும். முழு விசையுடன் இறைத்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆகவே, அடுத்த ஊர்தி தடையின்றி வந்து சேர்வதே உயிர்காக்கும். வழிவிடுதல் என்பது வெறும் மரியாதையன்று என்பது அவருக்கு விளங்கியது. ஏப்ரல் 14 ஏன் தீயணைப்போர் நினைவு நாளாயிற்று என்பதையும் அறிந்தார். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சும் வெடிபொருளும் ஏற்றிய 'ஃபோர்ட் ஸ்டிகின்' கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர்.

வெற்றுத் தாள்

அவருடைய தொகுப்பில் ஒரு தாள் மட்டும் வெறுமையாக உள்ளது. அதன் மூலையில் '16.07.2004, கும்பகோணம்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அன்று பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் எழுந்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் மாண்டனர். விடுப்பில் ஊருக்கு வந்திருந்தவர், மாலையில் அங்குச் சென்றார். தோள்பையில் கருவி இருந்தது. அதே கீற்று, அதே சாம்பல் மணம். பெற்றோரின் முகங்களைக் கண்டதும் பையின் வாரை இறுக்கிக் கட்டினார். மருத்துவமனை வாயிலில் நின்றவர்களுக்குத் தண்ணீர் வழங்கிக்கொண்டிருந்தோருடன் சேர்ந்துகொண்டார். அவ்விபத்துக்குப் பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன.

அவர் ஓய்வுபெற்ற 2017ஆம் ஆண்டு மே 31 அன்று, தியாகராய நகரில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று தீப்பற்றியது. புகையின் அடர்த்தியால் வீரர்கள் உள்ளே நுழைய முடியாமல் போராடினர். சாலையெங்கும் கைபேசிகள் உயர்ந்திருந்தன. அவர் ஒரு படமும் எடுக்கவில்லை. "தம்பி, குழாய்மேல் நிற்காதீங்க, வண்டிக்கு வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். சிலர் விலகினர், சிலர் அவரையும் சேர்த்துப் படமெடுத்தனர்.

இன்று ஊர்ப்பிள்ளைகள் அவரிடம் படங்களைப் பார்க்க வருகின்றனர். ஒருமுறை ஒரு மாணவி, "தாத்தா, உங்க அப்பாயியோட கூரையைப் பிரிச்ச படம் எங்கே?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "அதை யார் எடுப்பா, கண்ணு? அன்னிக்கு எல்லார் கையிலும் தண்ணிக்குடம் இருந்தது."