தையல் ஆறினால் மட்டும் போதுமா?

கர்ப்பப்பை ஆபரேஷன் என்றால் எல்லோரும் தையலைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். 'ஆறிடுச்சா? குனியாதே, தூக்காதே' என்று ஆளுக்கொரு யோசனை. சிறுநீரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கூச்சம்! ஆனால் தொந்தரவு அந்த வழியாகத்தான் சுலபமாக வருகிறது.

ஆபரேஷனின்போது சிறுநீர் போக ஒரு குழாய் வைக்கிறார்கள். பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதையே சுமார் 4 சென்டிமீட்டர்தான், ஆசனவாயும் பக்கத்திலேயே. கிருமிகள் குழாயோடு உள்ளே ஏறிவிடும். குழாய் இருக்கும் நாள் கூடக்கூட ஆபத்தும் கூடும். 'எப்போ எடுப்பீங்க?' என்று தைரியமாகக் கேளுங்கள்.

எனக்கு ஆபரேஷன் ஆனபோது நர்ஸம்மா சொல்லித் தந்தார்: பை இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது, குழாய் மடங்கக்கூடாது, தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பார்க்க வந்த பெரியம்மா பையைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்கப் போனார். "வேண்டாம் பெரியம்மா, பைக்குப் போனது உள்ளே திரும்பிடும்" என்று தடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் வேறு கதை. "பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா சீழ் பிடிக்கும்" என்று மாமியார் டம்ளரை எடுத்து வைத்துவிட்டார். எல்லாம் அன்பினால்தான். உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு மாமியார் கையில் கொடுத்தேன். "தண்ணி குறைஞ்சாத்தாம்மா கிருமி தங்கும்" என்றாராம். அப்புறம் மணிக்கொரு தரம் வெந்நீர் கொண்டு வந்தவரும் அவரேதான்! (இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.)

சிறுநீரை அடக்காதீர்கள், அவசரப்படாமல் முழுவதும் கழியுங்கள். முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். மலச்சிக்கல் வேண்டாம்; கீரை, பழம் சேருங்கள். குழாயை எடுத்த பிறகு நீர் பிரியாமல் வயிறு உப்பினால் உடனே சொல்ல வேண்டும்.

எதிர்வீட்டுப் பெண் எரிச்சலைச் சொல்லக் கூசி, நாலு நாள் பார்லித் தண்ணீரிலேயே ஓட்டினாள். குளிர் ஜுரமும் விலா வலியும் வந்து மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்கும்படி ஆயிற்று. கிருமி சிறுநீரகம் வரை போயிருந்தது. இரண்டு குழந்தைகளும் அம்மாவைக் காணாமல் ஏங்கிப் போயின.

எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு, நாற்றம், ரத்தம், காய்ச்சல் எது வந்தாலும் டாக்டரிடம் போங்கள். முதலில் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு மருந்து தொடங்குவது நல்லது. எரிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

சகோதரிகளே, அடுத்த முறை ஆபரேஷன் ஆனவளைப் பார்க்கப் போகும்போது, ஆரஞ்சுப் பழத்தோடு "ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதாம்மா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள்.