கையைப் பிடிப்பதும் உதவியே



பஹ்ரைனில் பல்லாண்டு உழைத்து ஊர் திரும்பிய எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் 2011ஆம் ஆண்டின் கதையைச் சொன்னார். மாலையானால் ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகிவிட்டு அறைக்குள் அமர்ந்திருப்பார்களாம். வெளியே கண்ணீர்ப்புகை. "பிழைக்கப் போன இடம், நமக்கெதற்கு வம்பு ஹஜ்ரத்?" என்று முடித்தார். நானும் தலையாட்டினேன்.

அந்தப் புகையின் வரலாற்றைப் பின்னர் படித்தபோதுதான் வெட்கமடைந்தேன்.

அவ்வாண்டு பிப்ரவரியில் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் மக்கள் உரிமை கேட்டுக் கூடினர். மன்னரின் காவற்படை அவர்களை விரட்டியது. மார்ச்சில் சதுக்கத்தின் நினைவுச்சின்னமே இடிக்கப்பட்டது. வீடுகளுக்குள்ளும் வாகனங்களுக்குள்ளும் புகைக்குண்டுகள் வீசப்பட்டதை, மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள் என்னும் அமைப்பு 2012இல் பதிவு செய்தது. போர்க்களத்தில் பகைவர்மீது வீசுவதற்கே 1993ஆம் ஆண்டின் இரசாயன ஆயுத ஒப்பந்தம் தடை விதித்த பொருள் இது! கைக்குழந்தை உறங்கும் வீட்டுக்குள் அதை வீசினார்கள்.

2011, 2012 ஆகிய ஈராண்டில் தென்கொரியாவிலிருந்து மட்டும் சுமார் 15 இலட்சம் குண்டுகள் சென்றன. 2013இல் மேலும் 16 இலட்சத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்ட செய்தி கசிந்தது. நாட்டின் மக்கள்தொகையோ சுமார் 13 இலட்சம்! பஹ்ரைன் ஆர்வலர்களோடு கொரிய மக்களும் சேர்ந்து குரல் கொடுத்தனர். 2014 ஜனவரியில் கொரிய அரசு ஏற்றுமதிக்கு அனுமதி மறுத்தது.

கொரியர்களுக்கு அந்தப் புகை புதிதன்று. 1960இல் மாசான் துறைமுகத்தில், கண்ணில் புகைக்குண்டு பாய்ந்த நிலையில் ஒரு மாணவரின் உடல் மிதந்தது. அந்த மாதமே அவர்களின் சர்வாதிகாரி பதவி துறந்தார். 1987இல் லீ ஹான்யோல் என்ற மாணவர் தலையில் புகைக்குண்டு தாக்கி இறந்தார்.

இதை மதரஸாவில் சொன்னபோது ஒரு சிறுவன், "கொரியா முஸ்லிம் நாடா ஹஜ்ரத்?" என்றான். இல்லை என்றேன். "பஹ்ரைன்?" ஆம் என்றேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

வாசகர்களே, உண்மையைச் சொல்வோம். அந்நியர் நம்மவரை வதைத்தால் கொதிக்கிறோம். முஸ்லிம் ஆட்சியாளரே வதைத்தால் மௌனம். வதைபட்டவர்களில் பெரும்பாலோர் ஷீஆக்கள் என்றால் இன்னும் ஆழ்ந்த மௌனம். புகை மத்ஹபு பார்த்தா நுரையீரலில் நுழைகிறது?

அந்த ஒரு தடையால் பஹ்ரைனில் பொழுது விடிந்துவிடவில்லை. முக்கிய எதிர்க்கட்சியான அல்விஃபாக் 2016இல் கலைக்கப்பட்டது. ஆயினும் குண்டு வரும் வாசல் ஒன்று அடைபட்டது.

அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவவேண்டும், அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். குண்டு விற்க மறுத்தவர்கள் அந்த உதவியைச் செய்தார்கள். திண்ணையில் தலையாட்டிய நான் செய்யவில்லை.