பந்தியும் பூங்காவும்

(பி.எஸ்ஸி., இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

விருந்தோம்பலில் தமிழனுக்கு நிகர் தமிழனே என்று மேடைதோறும் முழங்குகிறோம். வள்ளுவப் பெருந்தகையும் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவரை எப்படி உபசரிப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால், ஒரு விருந்தினர் இன்னொரு விருந்தினரிடம் எப்படி நடந்துகொள்வது? இந்தக் கேள்வி சென்ற கோடை விடுமுறை வரை எனக்குள் எழுந்ததே இல்லை. எழுப்பியவர், பள்ளிக்கூடத்துப் படியையே மிதித்தறியாத என் அம்மிச்சி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் விசைத்தறியில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். எனக்குக் கிடைத்த உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, அக்காவின் பிள்ளைகள் இருவரையும் நீலகிரி மலையடிவாரத்தில் உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தேன். பெண்ணுக்கு 9 வயது, பையனுக்கு 6. அக்காவும் அம்மிச்சியும் உடன் வந்தார்கள். வாசலில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த விதிகளை நான்தான் படித்துப் பொருள் சொன்னேன். நாலு எழுத்துப் படித்தவன் என்ற பெருமிதம் எனக்கு. அந்தப் பெருமிதம் மாலை வரை நிலைக்கவில்லை.

இத்தகைய பூங்காக்களின் வரலாறு சுவையானது. 1893-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரமுள்ள ராட்டினம் ஒன்றை நிறுவினார். அதில் 36 பெட்டிகள். ஒரு பெட்டியில் 60 பேர் வரை ஏறலாம். முன்பின் அறியாதவர்கள் தோளோடு தோள் உரச வானத்தை நோக்கி எழும்பினார்கள். வால்ட் டிஸ்னி தம் மகள்கள் குடை ராட்டினத்தில் சுற்றுவதைப் பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று எண்ணினாராம். 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. ஆக, இவை தொடக்கம் முதலே பலரும் சேர்ந்து மகிழ்வதற்கென்று உண்டான இடங்கள். அன்று நான் இதை நினைத்துப் பார்த்தேனா? இல்லையே!

சிறுவர்கள் ஏறும் கப்பல் ஊஞ்சலுக்கு நீண்ட வரிசை. ஒரு தடவைக்கு 24 பேர். வெயில் சுட்டது, பிள்ளைகள் சிணுங்கினார்கள். எனக்கு ஒரு யோசனை உதித்தது. பையனின் காதில், "கம்பிக்குக் கீழே நுழைஞ்சு முன்னாடி போய் நில்லுடா" என்றேன். அவன் அணிலைப் போல ஓடினான். பிறகு நான், "ஏனுங்க, பையன் முன்னால போயிட்டானுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே அக்காவையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு முன்னேறினேன். குழந்தை என்றதும் எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். காவலர் 21, 22, 23, 24 என்று எங்களை எண்ணி உள்ளே விட்டுச் சங்கிலியை மாட்டினார்.

சங்கிலிக்கு அப்பால் ஒரு தகப்பன், தாய், இரண்டு பெண் குழந்தைகள். சின்னவள் உதடு பிதுங்கி அழத் தொடங்கினாள். அந்த மனிதர் எங்களைத் திட்டவில்லை. "அடுத்ததுல போலாம் கண்ணு" என்று அவளைத் தூக்கிக்கொண்டார். கப்பல் மேலே எழும்பும்போதெல்லாம் அந்த முகம் எனக்குத் தெரிந்தது; கீழே இறங்கும்போது மறைந்தது.

அப்போதும் என் மனம் கணக்குப் போட்டுத் தப்பிக்கப் பார்த்தது. ஏறி, ஆடி, இறங்க ஒரு தடவைக்கு 10 நிமிடம். நாங்கள் நால்வர் புகுந்ததால் பின்னால் நின்றவர்களுக்குச் சராசரியாக ஆளுக்கு 100 வினாடிதானே தாமதம்? இது என்ன பெரிய குற்றம்! ஆனால், சராசரியில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. 24 பேரில் 20 பேருக்கு ஒரு வினாடியும் நட்டமில்லை. மீதி நால்வருக்கு முழுதாக 10 நிமிடம் போயிற்று. ஆற்றல் துளித் துளியாகத்தான் பரிமாறப்படுகிறது என்று 1900-இல் மாக்ஸ் பிளாங்க் சொன்னதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். வரிசையில் முறையும் அப்படித்தான், கிடைத்தால் முழுதாகக் கிடைக்கும், இல்லையேல் இல்லவே இல்லை என்பது அந்தக் குழந்தை அழுதபோதுதான் விளங்கியது.

தண்டனை அடுத்த வரிசையிலேயே காத்திருந்தது. சிறுவர் ரயிலுக்கு நாங்கள் கடைசியில் போய் நின்றதுதான் தாமதம், பையன் யாரும் சொல்லாமலே கம்பிக்குக் கீழே புகுந்து ஓடினான். முன்னால் நின்றுகொண்டு உரத்த குரலில், "மாமா! பையன் முன்னால போயிட்டான்னு சொல்லிட்டு வாங்க!" என்று கூவினான். வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் கூனிக் குறுகிப் போனேன்.

துண்டையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு கம்பிக்கு வெளியே உட்கார்ந்திருந்த அம்மிச்சி எழுந்து வந்தார். "ஏஞ்சாமி, பந்தியில எலை முன்னால உக்காந்திருக்கறவனை எழுப்பிவிட்டுப்போட்டு நாம உக்காருவமா? அப்பவே பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியை நினைத்துப் பார்த்தேன். எல்லா இலைக்கும் பரிமாறி முடியும் வரை யாரும் கை வைப்பதில்லை. பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கும் முன் எழுந்தால் மரியாதைக் குறைவு. எவ்வளவு பசித்தாலும் அடுத்த பந்திக்காரர்கள் காத்துத்தான் நிற்க வேண்டும். ஊர் பேர் தெரியாத விருந்தாளியிடம் விருந்தாளி காட்டும் மரியாதை அல்லவா இது! இந்தப் பண்பு நம்மிடம் இல்லாமல் இல்லை. டிக்கெட் வாங்கியவுடன் அதை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம். காசு கொடுத்தவன் விருந்தினன் அல்லன், உரிமைக்காரன் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

அன்று மாலை வரை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். உயர அளவுக் கோட்டுக்கு எட்டாத பிள்ளையை எப்படியாவது ஏற்றிவிட ஒருவர் வாதாடுகிறார்; அந்தப் பாதுகாப்பு அளவே பிள்ளையின் நன்மைக்கு என்பதை மறந்து, பின்னால் நிற்கும் 50 பேரையும் நிறுத்தி வைக்கிறார். அலைக் குளத்தில் பெரியவர்கள் கூட்டமாகக் குதிக்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் மழலைகள் தடுமாறுகின்றன. நிழலில் கிடந்த 6 நாற்காலிகளைத் துண்டு போட்டுப் பிடித்துவிட்டு ஒரு குடும்பம் போய்விடுகிறது. கைக்குழந்தைக்காரி வெயிலில் நிற்கிறாள். எல்லோரும் தத்தம் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காகத்தான் இப்படிச் செய்கிறார்கள். நானும் அதற்காகத்தானே செய்தேன்! நம் பிள்ளைக்கு அன்பு காட்டுகிறோம் என்ற பெயரில் அயலார் பிள்ளையின் பங்கை எடுத்துக் கொடுக்கிறோம். அதைவிடக் கொடுமை, எடுப்பதற்கும் கற்றுக் கொடுக்கிறோம்.

பையனைக் கூப்பிட்டு வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். சற்று நேரத்தில், கப்பல் ஊஞ்சலில் பார்த்த அதே குடும்பம் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்க நினைத்தேன், வார்த்தை வரவில்லை. "நீங்க முன்னாடி போங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "பரவாயில்லைங்க தம்பி, நீங்கதானே முதல்ல வந்தீங்க" என்றார்.

பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றான். அரைமணி நேரம் ஆயிற்று. அந்தச் சின்னப் பெண்ணும் அவனும் அதற்குள் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். ரயிலில் ஒரே பெட்டியில் ஏறிக்கொண்டார்கள்.

நண்பர்களே! நாளை நாம் பட்டதாரிகள் ஆவோம். நம் வீட்டுப் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் நடப்பார்கள். நாம் அவர்கள் காதில் என்ன சொல்லப் போகிறோம் என்பதை இப்போதே சிந்தித்து வைப்போம்.