பொடக்காலியில் ஒரு வீடு

கோவை ரயில் நிலையத்தின் எதிரே இரவில் சாக்கு விரித்துப் படுப்போரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இத்தகையோருக்காக நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010-இல் ஆணையிட்டது. காப்பகத்தில் பாய் உண்டு, விளக்கு உண்டு. ஆனால் தன் கையால் பூட்டித் திறக்க ஒரு கதவு? அங்கிருந்து அவர் எங்கே போவார்? மறைக்கல்வி வகுப்பில் எழுந்த இக்கேள்வி எங்களை விடவில்லை. படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

பெல்ஜியம் நாட்டில் கேல் என்றோர் ஊர். மனநோயாளரின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் கோவில் அங்குள்ளது. நோயாளருடன் வரும் யாத்திரிகர் பெருகவே, கோவிலில் இடம் போதாமல் ஊரார் தங்கள் வீடுகளில் அவர்களை ஏற்றனர். 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம் இது. 1930-களின் இறுதியில் ஏறத்தாழ 3,700 பேர் அவ்வூர்க் குடும்பங்களோடு வாழ்ந்தனர். இன்று தொகை மிகக் குறைந்தாலும் வழக்கம் அற்றுப்போகவில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2017-இல் வேறொரு முயற்சி. தெருவில் வாழ்ந்தவருக்காக, மனமுவந்த குடும்பத்தாரின் கொல்லையில் 125 சதுர அடியில் ஒரு சிறு வீடு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்னையிலே வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள், மனநலம் குன்றித் தெருவில் அலைந்த பெண்களுக்காக 1993-இல் ‘தி பான்யன்’ அமைப்பைத் தொடங்கினர். போக வீடின்றி ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்களுக்காக, 2015 முதல் சாதாரணத் தெருக்களில் வீடு பிடித்து, நாலைந்து பேராகக் குடிவைக்கிறார்கள். என்ன குழம்பு வைப்பது என்பதும் அவர்கள் விருப்பமே.

நம் ஊருக்கும் இது அவ்வளவு புதிதன்று. முன்வீட்டில் உடையவரும் பின்னால் ‘லைன்’ வீடுகளில் மில் தொழிலாளருமாக வாழ்ந்த தெருக்கள் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் எத்தனை! ஆகவே எங்கள் வீடுகளில் கேட்டுப் பார்த்தோம். வாடகைக்கு என்றால் உடனே தலையசைத்தவர்கள், தெருவிலிருந்து வருபவர் என்றதும் தயங்கினர். “ஆரு எவுருன்னு தெரியாம எப்படி அம்மிணி குடிவெக்கறது?” என்றார் ஒரு தோழியின் அம்மிச்சி.

அந்த அச்சத்தை இகழ எங்களால் இயலவில்லை. பெண்பிள்ளைகள் நாங்கள் இருக்கும் வீடுகள்தானே! ஆனால் கேல் ஊரில் குடும்பத்துக்குப் பின்னே மருத்துவமனை நிற்கிறது. சென்னையில் துணைப் பணியாளர் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு ஏதாவதென்றால் கூப்பிட ஆள் உண்டு. அந்த ஏற்பாடு இல்லாமல் இடம் மட்டும் கேட்பது நியாயமன்று.

பெரியவர்கள் சொல்லாத பயம் ஒன்றும் எங்களுக்கு உண்டு. பொடக்காலியில் குடியிருப்பவளை, “கொஞ்சம் இந்தப் பாத்திரத்தைத் தேய்த்துக் கொடு” என்று தொடங்கி, கூலியில்லா வேலைக்காரியாக்கிவிட எத்தனை நாளாகும்? கோபம் வந்த அன்று வெளியே போகச் சொன்னால்? சிறிதாயினும் வாடகை வாங்கி, ஒப்பந்தத்தை எழுதி, சாவியை அவர் கையிலேயே தர வேண்டும் என்பது எங்கள் கட்சி.

எங்களுள் ஒருத்தியின் தந்தை நாடா பிடித்து அளந்தே பார்த்துவிட்டார். கிணற்றுக்கும் முருங்கைக்கும் இடையே பத்துக்குப் பன்னிரண்டரை அடி சரியாக இருந்தது. பக்கத்து வீட்டாரிடம் முதலில் கேட்டு வருவதாக அவள் அம்மா சொல்லியிருக்கிறார்.