இரண்டு கல்வெட்டும் ஓர் ஆய்வேடும்

உத்திரமேரூர்க் குடவோலை முறையை ஆராயப் புகும் முனைவர்பட்ட மாணவர் பலர் ஒரே கல்வெட்டோடு நின்றுவிடுகின்றனர். வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலோ இரண்டு உள்ளன: முதற் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டைச் (919) சேர்ந்தது ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டைச் (921) சேர்ந்தது மற்றொன்று. வாரியத்துக்குரிய வயதை முன்னது 30 முதல் 60 வரை என்கிறது. பின்னது 35 முதல் 70 வரை என மாற்றுகிறது. ஈராண்டுக்குள் சபை தன் விதியைத் திருத்தியது ஏன்? ஆய்வேட்டுக்குரிய வினா இதுவே. ‘சோழர்கால மக்களாட்சி’ என்னும் அகன்ற தலைப்பில் இவ்வினா தொலைந்துபோகும். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் வேதப் பயிற்சியும் கேட்ட பிராமணச் சபை அது என்பதும் உடன் மறையும். ஆகவே தலைப்பைச் சுருக்குவது நெறியாளரின் முதற்கடன்.

நீலகண்ட சாஸ்திரியின் ஆய்வைப் படித்த மாணவர் அதன் முடிவுகளை எடுத்தாள்வதோடு அமையாது, பாடத்தைக் கல்லோடு ஒப்பிட வேண்டும். வடசொற்கள் கிரந்தத்தில் வருவதால் அவ்வெழுத்தை முதலாண்டிலேயே பழகுதல் நன்று. நெறியாளருக்கும் அது வாராதெனின் இருவரும் சேர்ந்து கற்பதில் இழுக்கில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவர்தம் உறவினரையும் விலக்கிய சபை அது. அத்துணைக் கண்டிப்பு வேண்டா. மாணவரின் களக்குறிப்பேட்டை மாதம் ஒருமுறை நெறியாளர் கேட்டு வாங்கிப் பார்த்தாலே போதும்.