கொல்லைக் கதவைத் தட்டும் கடல்

பழைய கோவாவின் மாதா கோயில்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் பஸ் ஏறிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல், வைஸ்ராய் வளைவைத் தாண்டி நடந்தால் மாண்டவி நதி வந்துவிடும். அங்கே ஃபெர்ரி ஏறினால் சில நிமிஷங்களில் திவார் தீவு. வயலும் தென்னையும் ஓட்டு வீடுகளுமாக, சந்தடியே இல்லாத ஊர்.

உலகைச் சுற்றி வந்த ‘மாதேய்’, ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்மரப் படகுகள் இந்தத் தீவில்தான் கட்டப்பட்டன. தாரிணியில் 2017-18-ல் ஆறு பெண் கடற்படை அதிகாரிகள் உலகைச் சுற்றினார்கள். 2024 அக்டோபரில் கேரளத்துத் தில்னாவும் புதுச்சேரி ரூபாவும் இருவராகவே அதில் கிளம்பி, 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள்.

பாய் இருக்க எஞ்சின் எதற்கு என்று கேட்கலாம். காற்று செத்துவிட்டால் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டாமா? பாட்டரிக்கு மின்சாரம் ஏற்ற வேண்டாமா?

துறையில் ஒரு சிறு படகின் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் பேச்சுக் கொடுத்தேன். “ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்துவிட்டதா?” என்றேன்.

“இல்லை ஸார், புகைக்குழாய் வழியாக வந்துவிட்டது” என்றார்.

விஷயம் இதுதான். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரைப் பம்பு உறிஞ்சுகிறது. வேலை முடிந்த நீரைச் சூடான புகையோடு கலந்து விடுகிறார்கள். புகை ஆறிப்போவதால் ரப்பர் குழாயே தாங்கும். நீர் ஒரு பானையில் சேர, புகையின் வேகம் அதை வெளியே தள்ளுகிறது. படகின் பின்புறத்தில் இருக்கும் அந்தத் துவாரம்தான் கொல்லைக் கதவு!

கேப் ஹார்ன் பக்கம் கிழக்கே போகும் படகை மேல்காற்று பின்னாலிருந்து துரத்தும். மலைபோன்ற அலை துவாரத்தில் மோதிக் குழாய்க்குள் ஏறப் பார்க்கும். அதனால் குழாயை அன்னத்தின் கழுத்துப்போல் நீர்மட்டத்துக்கு வெகு உயரே வளைத்து, அப்புறம்தான் வெளியே இறக்குகிறார்கள். புயலில் மூடிக்கொள்ள வெளிவாயில் ஒரு வால்வும் வைப்பதுண்டு.

இரண்டாவது எதிரி ஓசைப்படாமல் வருவான். ரப்பர் குழாயால் டின்னிலிருந்து மண்ணெண்ணெய் இறக்கியிருக்கிறீர்கள் அல்லவா? ஒருமுறை உறிஞ்சினால் தானே ஓடும். அதேபோல், எஞ்சின் நின்ற பிறகும் கடல்நீர் உள்ளே இழுபட்டுக்கொண்டே இருக்கலாம். அந்தக் குழாயையும் உயரே வளைத்து, உச்சியில் காற்றுப் புகச் சின்ன வால்வு பொருத்தினால் ஓட்டம் அறுந்துவிடும். உப்புப் படிந்து அது அடைத்துக்கொள்ளாமல் அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவவேண்டும்.

மூன்றாவது, நம் அவசரம். கிளம்பாத எஞ்சினை விடாமல் சுழற்றினால் பம்பு நீரைக் கொட்டும். வெளியே தள்ளப் புகை இராது. பானை நிரம்பி நீர் எஞ்சினுக்குள் ஏறிவிடும். நீர் வரும் வால்வை மூடிக்கொண்டு சுழற்றி, எஞ்சின் பிடித்த உடனே திறப்பதுதான் முறை.

“உள்ளே போய்விட்டால்?”

“ஸ்டார்ட்டர் பக்கமே கை போகக்கூடாது ஸார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியுமா? பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, கையால் மெல்லச் சுற்றி நீரை வெளியேற்றணும். எண்ணெயை இரண்டு மூன்று தடவை மாற்றி, அன்றைக்கே எஞ்சினை ஓட்டிவிடணும். தாமதித்தால் உப்பு துருப்பிடிக்க வைத்துவிடும்.”

மூடிய வால்வை மறந்து எஞ்சினைக் கிளப்புவதும் ஆபத்துத்தான். அதற்கு அவர் செய்யும் உபாயம், எஞ்சின் சாவியிலேயே ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுவது. ‘முதலில் திற!’ அவ்வளவே எழுதியிருந்தது.

அடுத்த தடவை பாய்மரப் படகு எதையாவது பார்த்தால், பாயை அண்ணாந்து பார்த்த கையோடு பின்புறத்தையும் பாருங்கள். குபுக் குபுக்கென்று நீரைத் துப்பிக்கொண்டிருந்தால், எஞ்சின் சௌக்கியம் என்று அர்த்தம்.