யார் பேரில் எழுதுவது?



நான் முதன்முதலாகப் பரிசு வாங்கிய கட்டுரையில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை. இதை இத்தனை காலம் சொல்லாமல் மனதிலேயே வைத்திருந்தேன். இன்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் பத்தாம் ஆண்டு மாணவி. வட்டகொடையில் ஒரு தோட்ட லயத்தில் எங்கள் வீடு. பாடசாலையில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு ‘விடியற்காலை’. தலவாக்கலை டவுனில் வாங்கிய கட்டுரைப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் அதே தலைப்பில் ஒரு கட்டுரை. வரி விடாமல் மனப்பாடம் செய்து எழுதினேன். சேவல் கூவியது, மாட்டு வண்டிகள் வயலுக்குப் போயின, பெண்கள் வாசலில் கோலமிட்டார்கள். முதற் பரிசு எனக்கே கிடைத்தது. பரிசு ஓர் அகராதி.

பக்கத்து லயத்துத் தோழிக்கு இரண்டாம் பரிசு. தன் அம்மா பனியில் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி, பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போவதை அவள் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தனவாம். ஆனால் அத்தனையும் அவள் கண்ணால் கண்டது.

அன்று மாலை அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, “என்னா எழுதுன, வாசி புள்ள கேப்போம்” என்றார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெருமையோடு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்தவர் சற்று நேரம் பேசவில்லை.

“வயலு வந்துச்சு, மாட்டு வண்டி வந்துச்சு. நாலு மணிக்கு எந்திரிச்சு ரொட்டி சுடுறேனே, நான் எங்க புள்ள இருக்கேன்?”

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அம்மா திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார். “நான் எடுத்த கொழுந்த கணக்கப்பிள்ளை இன்னொருத்தி பேருல எழுதிட்டா, அது நல்லாருக்குமா?”

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் வெறும் பெயர் அல்ல, ஒரு நாள் உழைப்பின் கணக்கு அது. சொன்ன நிறைக்குக் கொழுந்து இல்லாவிட்டால் அரைப்பேர்தான். மழையிலும் அட்டைக்கடியிலும் எடுத்த கொழுந்து இன்னொருத்தி பேரில் போனால் வயிறு எப்படி எரியும் என்று எங்களுக்குத் தெரியும். பிறர் எழுத்தை நம் பேரில் போடுவதும் அதே களவுதான்.

ஆசிரியையிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த வருடமே தோழியின் படிப்பு நின்றது. அவள் கொழுந்துக்குப் போனாள். மலையில் அவளைக் காணும்போதெல்லாம் தலை குனிந்துகொள்வேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வேறு பாடம் இருந்தது. அதை நான் பிறகுதான் அறிந்தேன். கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்தது மடக்கொம்பரைத் தோட்டத்தில். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் அவர். தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக எழுதினார். அதைத் தமிழில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தந்தவர் சக்தீ பால ஐயா. மூலம் ஒருவருடையது, மொழிபெயர்ப்பு இன்னொருவருடையது என்பதில் மறைவு இல்லை.

நம் பாட்டிமார் பாடிய பாடல்களையும் சி.வி. தேடித் தொகுத்தார். 1983இல் வந்த அந்த நூலின் பெயர் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’. பாடியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. தானே இயற்றியதாகச் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை. மக்களின் சொத்தை மக்கள் பேரிலேயே வைத்தார். அவருக்கும் முன்னே, கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் படும் பாட்டைத் தாமே பாடல்களாக எழுதி, கூட்டங்களில் பாடினார். 1940இல் அவை அவர் பெயரில் நூலாகவும் வந்தன. ஒரு பெண் தன் சொந்தச் சொல்லால் பேசியதால்தான் அவர் பெயர் இன்றும் நிற்கிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓர் எழுத்தின் உரிமை எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளும் காக்கப்படுகிறது. பிறர் சொன்னதை எடுத்துக்காட்டவே கூடாது என்பதல்ல. வேண்டிய அளவு எடுத்து, யார் சொன்னது என்று குறிப்பிட்டால் போதும். கருத்தைப் படித்து, அசைபோட்டு, நம் சொற்களில் எழுதுவதும் களவல்ல. அப்போதும் யாரிடம் கற்றோம் என்று சொல்வது நமக்கு அழகு.

போன மாதம் என் மகள் பாடசாலை ஒப்படைக்காகக் கைபேசியில் தேடி, பிழையில்லாத கட்டுரை ஒன்றைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு என் அகராதி நினைவுக்கு வந்தது. அதை எடுத்து வந்து அவள் முன் வைத்து, முழுக் கதையையும் சொன்னேன். அவள் கைபேசியை மூடிவிட்டாள். “அப்ப நான் அம்மாயியப் பத்தி எழுதவாம்மா?” என்று கேட்டாள். பிழைகளோடுதான் எழுதினாள். அதில் நாலு மணிக்கு ரொட்டி சுடும் என் அம்மா இருந்தார்.

அந்த வாரமே அகராதியோடு தோழியின் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவள் சிரித்தாள். “பரிசு எனக்கு மறந்தே போச்சு புள்ள. நான் எழுதுனது மட்டும் இன்னமும் ஞாபகமிருக்கு” என்றாள். எனக்கோ, பரிசு வாங்கிய அந்தக் கட்டுரையில் அரைகுறையாகச் சில வரிகள் மட்டுமே நினைவிருக்கின்றன.

சகோதரிகளே, பிள்ளைகள் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நமக்கு எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. “இதில் நம் வீடு எங்கே?” என்று கேட்க எல்லோருக்கும் முடியும். அரைக்கூடையானாலும் அது தன் கையால் எடுத்த கொழுந்தாக இருக்கட்டும்.